ஐந்து வரி நிரலுக்குப் பதினான்கு வரி கமென்ட்: வைக்கலாமா, எடுக்கலாமா?

சுழியம் (வெள்ளி, இரவு 8:15)

ஒரு சின்னப் பஞ்சாயத்து. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

நானும் ஒரு நண்பரும் தமிழ் உரையை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறோம். ஓப்பன் சோர்ஸ்தான். பெயர் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வேண்டாம். அதன் நடுவில் ஓர் ஐந்து வரி இருக்கிறது. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்: க-வுக்குப் பின் ஒ-கரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், இல்லையென்றால் க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய வரும். ஒ, ஓ, ஔ மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பிரிந்து வந்தால் சேர்த்து ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்வதுதான் அந்த ஐந்து வரியின் வேலை.

போன மாதம் புதியவர் ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினார். ஐந்து வரியையும் எடுத்துவிட்டு, முதலிலேயே சரத்தை (வந்த உரையை) என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிடும் ஒரே ஒரு வரி. பார்க்க அவ்வளவு சுத்தம். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை. நானே மெர்ஜ் செய்தேன் (லைப்ரரியில் சேர்த்தேன்), நன்றியும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் எழுதுகிறார்: தேடிய சொல்லுக்கு மஞ்சள் பூசினால் ஓர் இடம் தள்ளிப் பூசுகிறதாம். உட்கார்ந்து பார்த்தால், பிரித்து எழுதிய 'கொடி'யில் ஐந்து குறியீடுகள் இருக்கின்றன, டி தொடங்குவது 3ஆம் இடத்தில் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்). என்எஃப்சி செய்த பிறகு நான்கே குறியீடுகள், டி 2ஆம் இடத்துக்கு வந்துவிடும். நாங்கள் எழுத்தோடு அதன் இடத்தையும் சேர்த்துத் தருகிறோம். அது பயனர் கொடுத்த மூலச் சரத்தின் இடமாக இருக்க வேண்டும். அதனால்தான் அன்றைக்கு என்எஃப்சி வேண்டாம் என்று கையாலேயே சேர்த்தேன்.

ஆமாம், அந்த ஐந்து வரியை எழுதியதே நான்தான். எழுதிய அன்று காரணம் தெரியும். மூன்று வருஷம் கழித்து மெர்ஜ் பொத்தானை அமுக்கும்போது தெரியவில்லை.

இப்போது பழையபடி ஐந்து வரியைப் போட்டு, மேலே பதினான்கு வரியில் ஒரு கமென்ட்டும் (படிப்பவருக்கான குறிப்பு, கணினி கண்டுகொள்ளாது) எழுதினேன். நண்பர் ரிவ்யூவில் "இது கமென்ட் இல்லை, சுயசரிதை. கமிட் செய்தியில் போடு, இங்கே எடு" என்கிறார். (கமிட் செய்தி: மாற்றத்தைப் பதிவு செய்யும்போது வரலாற்றில் எழுதும் குறிப்பு.) யார் சரி?

நள்ளிரவு_டீ (இரவு 8:22)

நண்பர் சரி. டெஸ்ட் எழுதியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

சுழியம் (இரவு 8:26)

டெஸ்ட் நேற்றே எழுதிவிட்டேன். ஆனால் டெஸ்ட் உடைந்தால் "உடைத்துவிட்டாய்" என்று மட்டும்தான் சொல்லும். 3 வர வேண்டிய இடத்தில் 2 வந்தால், அடுத்து வருபவர் டெஸ்ட்டில் இருக்கும் 3ஐ 2 ஆக்கிவிட்டுப் போய்விட மாட்டார் என்று என்ன நிச்சயம்? நானே அப்படிச் செய்திருக்கிறேன். இங்கே அல்ல, சம்பளம் வாங்கிய இடத்தில்.

பழையமரம் (இரவு 8:51)

இந்தக் கேள்விக்கு வரலாற்றிலேயே பெரிய விலை கொடுத்த கதை டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் கதைதான். இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில், ரகசியச் சாவிகளுக்குச் சீரற்ற எண்களை உருவாக்கும் கோப்பு ஒன்று. அதில் அச்சு அசலாக ஒரே மாதிரியான வரி இரண்டு இடங்களில் இருந்தது: கொடுத்த பஃபரை (நினைவகத் துண்டை) எடுத்து உள்ளே இருக்கும் சீரற்ற தகவல் குவியலோடு கலக்கும் வரி. ஓரிடத்தில் அது கலப்பது, அழைத்தவர் இன்னும் எதையும் நிரப்பாத நினைவகத்தை. கிடைத்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை என்கிற ரகம். மற்ற இடத்தில் அதே வரிதான் வெளியிலிருந்து வரும் சீரற்ற விதை முழுவதையும் குவியலில் சேர்ப்பது. முதலாவதை எடுத்தால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதை எடுத்தால் வீடே இல்லை.

முதலாவது இடத்தில் ஒரு கமென்ட் இருந்தது. 'ப்யூரிஃபை புகார் சொல்கிறது' என்று அர்த்தம் வரும் இரண்டே சொற்கள். ப்யூரிஃபை அந்தக் காலத்து நினைவகச் சோதனைக் கருவி. இரண்டாவது இடத்தில் ஒன்றுமே இல்லை.

2006இல் டெபியன் பக்கத்தில் வால்கிரைண்ட் என்ற இன்னொரு கருவி இதே வகைப் புகார்களைக் கொட்டியது. பொதியைப் பார்த்துக்கொண்டவர் இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார். அவர் அவசரக்காரரும் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். வந்த பதில்களைப் படித்தவர் பச்சைக்கொடி என்று புரிந்துகொண்டார். விளைவு: விதையாக மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரே வகை இயந்திரத்தில் ஒரே அளவுச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். ஒரு மடிக்கணினியில் உட்கார்ந்து அத்தனையையும் பட்டியல் போட்டுவிடலாம். 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும் வரை, டெபியனிலும் உபுண்டு போல அதிலிருந்து வந்தவற்றிலும் உருவான எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிகள், சான்றிதழ்கள் எல்லாம் இந்த லட்சணம்தான். அந்த வாரம் நானும் ராத்திரி பகலாகச் சர்வர் சர்வராகச் சாவி மாற்றியிருக்கிறேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது இடத்தில் "குவியலுக்குள் விதை வருவது இந்த வரி வழியாக மட்டும்தான்" என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்திருந்தால்?

முதலாவது கமென்ட்டும் சும்மா இல்லை, அது கெடுதலே செய்தது என்பேன். இந்த வரியால் யாருக்குத் தொந்தரவு என்று மட்டும் சொல்லியது. அப்புறமும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

சுழியம், உங்கள் பதினான்கு வரி இருக்கட்டும்.

நள்ளிரவு_டீ (இரவு 9:10)

பழையமரம் அண்ணா, கதை அருமை. ஆனால் "இருந்திருந்தால்" என்பதை வைத்து வழக்காட முடியாது. நான் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதில் கமென்ட்தான் குற்றவாளி.

பைத்தானில் நாம் தினமும் கூப்பிடும் சார்ட் (வரிசைப்படுத்தும் நிரல்), டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய டிம்சார்ட். சிபைத்தான் (பைத்தானை இயக்கும் நிரல்) மூலத்தில் அதற்கென்றே தனிக் கோப்பு, லிஸ்ட்சார்ட் டாட் டெக்ஸ்ட். இந்தக் கூட்டமே கும்பிடும் ஆவணம் அது. பட்டியலில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து அடுக்கில் வைத்துக்கொண்டே போய், பிறகு இணைப்பது அதன் முறை. அடுக்கில் கடைசி மூன்று துண்டுகளின் நீளம் ஏ, பி, சி என்றால், ஏ எப்போதும் பி, சி இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது, பி எப்போதும் சி-யைவிடப் பெரிது என்று அந்த ஆவணம் அடித்துச் சொல்கிறது. இந்த விதியை நம்பித்தான் அடுக்கு எத்தனை உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

நிரல் அந்த விதியைக் காப்பாற்றவே இல்லை. மேலே உள்ள மூன்றை மட்டும் பார்த்துச் சரிசெய்தால் அதற்குக் கீழே இருக்கும் ஒன்றில் விதி உடைந்துபோகலாம். 2015இல்தான் கீ என்ற சரிபார்ப்புக் கருவியை வைத்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இடையில் பதின்மூன்று வருஷம். ஜாவாவும் ஆண்ட்ராய்டும் இதே முறையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தன. ஆறு கோடியே எழுபது லட்சம் உறுப்புகள் கொண்ட அணி ஒன்றைக் கொடுத்து ஜாவாவின் சார்ட்டைக் கவிழ்த்தே காட்டினார்கள். இத்தனை வருஷமும் நல்ல நல்ல மூளைக்காரர்கள் எல்லாரும் அந்த ஆவணத்தைப் படித்தார்கள், தலையாட்டினார்கள். கமென்ட் நிரலைவிட அழகாக இருந்தால் இதுதான் நடக்கும். யாரும் நிரலைப் படிக்க மாட்டார்கள்.

ஆய்தம்_முப்புள்ளி (இரவு 9:24)

டீ, நீங்கள் சொன்ன கதையே உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

அந்த விதி எழுத்தில் இல்லையென்றால் ஆய்வாளர்கள் எதைச் சரிபார்த்திருப்பார்கள்? "நிரல் என்ன செய்கிறதோ அதைச் செய்கிறது" என்றா? எழுதி வைத்ததால்தான் நிரலும் விதியும் ஒத்துப்போகவில்லை என்று சொல்ல முடிந்தது. பிழையைத் திருத்தியதும் அதே விதியை வைத்துத்தான்: பைத்தானில் இன்னொரு படி கீழே இருக்கும் துண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி நிபந்தனையை மாற்றினார்கள். ஜாவா அப்போது குறுக்குவழியில் போனது. விதியைத் தொடாமல் அடுக்கின் உயரத்தை மட்டும் 40இலிருந்து 49 ஆக்கினார்கள். 2018இல் இன்னொரு ஆய்வு வந்து 49உம் போதாது என்றது. அப்புறம்தான் அங்கேயும் நிபந்தனையைத் திருத்தினார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே உருப்படியான டிசைன் கமென்ட் சிபைத்தானின் டிக்‌ஷனரி கோப்பில் இருக்கிறது. டிக்‌ஷனரி நிரம்பிவிட்டால் எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கு ஒரே வரிதான் நிரல்: இருக்கும் உறுப்புகளைப் போல மூன்று மடங்கு. மேலே உள்ள கமென்ட்டின் சாரம் இது:

"இப்போது மூன்று மடங்கு. எதையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் அளவு இரட்டிக்கும். அழிப்பதும் சேர்ப்பதும் சமமாக நடந்தால் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். 3.2 வரை நான்கு மடங்கு. 3.3.0இல் இரண்டு மடங்கு. 3.4.0 முதல் 3.6.0 வரை இரண்டு மடங்கோடு கொள்ளளவில் பாதி."

கூடவே பிழைப் பட்டியலில் தேடிப் பார்க்க இரண்டு எண்கள். அவ்வளவுதான். மூன்று என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை என்று யாருக்கும் புரிந்துவிடும். நாளைக்கு நான் போய் "இரண்டு மடங்கு போதுமே, நினைவகம் மிச்சமாகுமே" என்று புல் ரிக்வெஸ்ட் போட முடியாது. போட்டுப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

சுழியம் எழுத வேண்டியதும் இதைத்தான். அந்த ஐந்து வரி என்ன செய்கிறது என்று எழுத வேண்டாம், படித்தாலே தெரியும். எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதை எழுதுங்கள். நிரலில் தெரியாதது அது ஒன்றுதான். போகாத ஊருக்கு நிரலில் ஏது வழி?

நள்ளிரவு_டீ (இரவு 9:31)

அதைத்தான் கமிட் செய்தியில் போடலாம் என்கிறோம். பிளேம் (எந்த வரியை யார், எந்தக் கமிட்டில் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) போட்டால் வந்துவிடும்.

பழையமரம் (இரவு 9:38)

வருமா? யாரோ ஒருவர் மொத்தக் கோப்புக்கும் ஃபார்மேட்டர் (நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டினால் பிளேமில் அவர் பெயர்தான் நிற்கும். தவிர்க்க வழி உண்டு, தெரியும். உங்களில் எத்தனை பேர் அதை அமைத்து வைத்திருக்கிறீர்கள்?

சிபைத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் இடம் 2011இல் சப்வெர்ஷனிலிருந்து மெர்க்கூரியல், 2017இல் கிட்ஹப், 2022இல் பிழைப் பட்டியலும் கிட்ஹப்புக்கு. வீடு மாறியது மூன்று முறை. சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்பது அவர்கள் திறமை. நம் மாதிரி இரண்டு பேர் பார்க்கும் லைப்ரரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இன்னொன்று, ஓப்பன் சோர்ஸில் கோப்பைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் போவார்கள். கோப்போடு கமென்ட் போகும், கமிட் வரலாறு போகாது.

மாடி_முல்லை (இரவு 9:55)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் லைப்ரரி எதுவென்று ஊகித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், பயன்படுத்தியும் இருக்கிறேன். இதைவிட அவசரமாகக் கமென்ட் தேவைப்படும் இடங்கள் அதில் இரண்டு உண்டு.

ஒன்று, ஔ. 'கௌரவம்' என்பதைப் பாதிப் பேர் ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு 'கெளரவம்' என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் லைப்ரரி அதைத் திருத்துவதில்லை. முதலில் பிழை என்று நினைத்து, திருத்தும் நிரலையே எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் எங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளில் ஓட்டிப் பார்த்தேன். கெளுத்தி மீன் குழம்பு 'கௌுத்தி' ஆகி, உகரக் குறி அந்தரத்தில் தொங்கியது. அடுத்து எழுத்துக் குறி வந்தால் விட்டுவிடலாம் என்று ஒரு விதி சேர்த்தேன். அதையும் தாண்டி வேறு சொற்கள் வந்து விழுந்தன. கடைசியில் நீங்கள் ஏன் தொடவில்லை என்று புரிந்தது. ஒரு சனிக்கிழமை போயிற்று. அங்கே 'கெளுத்தி' என்று ஒரே சொல் எழுதியிருந்தால் போதும்.

இரண்டு, க்ஷ. யூனிகோடின் பொது விதிப்படி க், ஷ இரண்டு தனித்தனி. எழுத்துருவோ இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாகக் காட்டுகிறது. உங்கள் லைப்ரரி ஒன்று என்கிறது. குறுக்கெழுத்துக் கட்டம் போடுகிறவருக்கு ஒன்றுதான் வேண்டும். நான் யாப்பு பார்க்கிறேன். எனக்கு 'லக்ஷ்மி'யில் லக் என்று அசை பிரிய வேண்டும், அப்போது இரண்டாக வேண்டும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், சண்டை போட மாட்டேன். ஏன் என்று மட்டும் எங்கேயாவது சொல்லுங்கள்.

சுழியம் (இரவு 10:03)

கெளுத்தி! அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் திருத்தாமல் விட்டது வெறும் சோம்பேறித்தனத்தால். இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

க்ஷ பற்றி: அகராதி வரிசைக்காகத்தான் ஒன்றாக வைத்தோம். வரிசையில் க்ஷ கிரந்த எழுத்துகளோடு கடைசியில் வர வேண்டும். இரண்டாகப் பிரித்தால் க் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். விருப்பத் தேர்வாக ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று இரண்டு முறை பேசினோம். ஒரு சுவிட்ச் வைத்தால் எல்லா டெஸ்ட்டும் இரண்டு மடங்கு. இன்னொன்று வைத்தால் நான்கு. பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யும் இரண்டு பேர். அதனால் வேண்டாம் என்று விட்டோம். இதுவும் எங்கேயும் எழுதியில்லை, எங்கள் இருவர் தலையிலும்தான் இருக்கிறது.

வடகரை (இரவு 10:08)

கமென்ட்டைத் தமிழில் எழுதுவீர்களா ஆங்கிலத்திலா?

சுழியம் (இரவு 10:12)

இதுவரை ஆங்கிலம். ஆனால் இதைப் படிக்கப் போகிறவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஒற்றைக்கொம்பையும் காலையும் ஆங்கிலத்தில் விளக்கி விளக்கித்தான் பதினான்கு வரி ஆகியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

நள்ளிரவு_டீ (இரவு 10:15)

சரி, ஒரு சமரசம். கமென்ட்டில் சரிபார்க்க முடியாத வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது. "வேகத்துக்காக", "முன்பு சிக்கல் வந்ததால்" இதெல்லாம் வேண்டாம். எண் இருக்கட்டும், எடுத்துக்காட்டுச் சொல் இருக்கட்டும், டெஸ்ட்டின் பெயர் இருக்கட்டும். சிபைத்தான் லிஸ்ட் கோப்பில் பட்டியல் எப்படி வளரும் என்று 0, 4, 8, 16 என எண்களையே வரிசையாகக் கமென்ட்டில் போட்டிருப்பார்கள். முன்பு அடுத்து 25, 35, 46 என்று போகும். 3.9இல் கணக்கை மாற்றியபோது 24, 32, 40 என்று கமென்ட்டையும் மாற்றினார்கள். அப்படி எண் இருந்தால் பொய் சொன்னால் பிடித்துவிடலாம். இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

பழையமரம் (இரவு 10:19)

டீ இறங்கி வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு திருத்தம். ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் 'இது உனக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று ஒரு புகழ்பெற்ற கமென்ட் உண்டு. திமிர் என்று எல்லாரும் நினைத்தார்கள். தேர்வில் கேட்க மாட்டோம் என்கிற மாதிரித்தான் எழுதியது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். உண்மையான சிக்கல், அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கே புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அந்தக் கமென்ட்டைச் சரிபார்க்கவே முடியாது. ஆனாலும் வேறு இயந்திரத்துக்கு மாற்றப் போகிறவனுக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

சுழியம் (இரவு 10:40)

சரி, நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு திருப்பி எழுதினேன். தமிழில். நண்பரும் சரி என்றுவிட்டார், மெர்ஜ் ஆகிவிட்டது. இதோ:

"இங்கே என்எஃப்சி போடாதீர்கள். நாம் தரும் இடங்கள் மூலச் சரத்தின் இடங்கள். என்எஃப்சி சரத்தைச் சுருக்கும். பிரித்து எழுதிய 'கொடி'யில் டி 3ஆம் இடம், என்எஃப்சிக்குப் பின் 2. டெஸ்ட்: கொடி இடம்.
ஒற்றைக்கொம்போடு கால் வந்தால் சேர்த்து ஒரே எழுத்தாக்குகிறோம்.
கைவிட்ட வழி: என்எஃப்சி செய்து, பழைய இடம் புதிய இடம் அட்டவணை வைத்துக்கொள்வது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் கூடுதலாகச் சுமக்க வேண்டும். இடங்கள் தருவதை நிறுத்தும் நாளில் இந்த ஐந்து வரியைத் தாராளமாக எடுக்கலாம்.
ஒற்றைக்கொம்போடு ள வந்தால் ஔ ஆக்காதீர்கள். டெஸ்ட்: கெளுத்தி."

க்ஷ-வுக்குத் தனியாக நாளை எழுதுகிறேன்.

ஆய்தம்_முப்புள்ளி (இரவு 10:44)

அழகு. சுயசரிதை சிறுகதை ஆகிவிட்டது.

மாடி_முல்லை (இரவு 10:51)

நன்றி. ஒரு சின்ன விஷயம். நிரலில் ஒ, ஓ, ஔ மூன்றையும் சேர்க்கிறீர்கள். கமென்ட்டில் ஒற்றைக்கொம்பும் காலும் மட்டும்தான் இருக்கிறது, அதாவது ஒ மட்டும். ஓ-வுக்கு இரட்டைக்கொம்பு. ஔ-வுக்கு ஒற்றைக்கொம்போடு அதற்கென்றே உள்ள தனி நீட்டல் குறி. அது பார்க்க ள மாதிரியே இருக்கும். கடைசி வரியை மட்டும் படிக்கிறவர் அந்தக் குறியையும் சேர்க்கக் கூடாது என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

நள்ளிரவு_டீ (இரவு 10:52)

பதினோரு நிமிஷம்.

சுழியம் (இரவு 10:58)

திருத்திக்கொண்டிருக்கிறேன்.